2019 உலகக் கோப்பை: ராயுடுவா, விஜய் சங்கரா? அந்த நான்காம் இடத்துக் கதை

பழைய பந்து (இழையைத் தொடங்கியவர்)

நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து 2019 பிப்ரவரி 3 வெலிங்டன் ஒருநாள் ஆட்டத்தின் சுருக்கத்தைப் பார்த்தேன். இந்தியா 18 ரன்னுக்கு 4 விக்கெட். மேட் ஹென்றியும் போல்ட்டும் பந்தை இரண்டு பக்கமும் ஆடவிடுகிறார்கள். ரோகித், தவான், கில், தோனி நாலு பேரும் உள்ளே போய்விட்டார்கள். கோலி அந்த ஆட்டத்தில் ஓய்வு. அங்கிருந்து இரண்டு பேர் சேர்ந்து 98 ரன் எடுக்கிறார்கள். ஒருவர் அம்பாதி ராயுடு, 113 பந்தில் 90. இன்னொருவர் நம்ம விஜய் சங்கர், 64 பந்தில் 45, கடைசியில் ரன் அவுட். அப்புறம் ஹார்திக் வந்து 22 பந்தில் 45 அடித்து 252க்குக் கொண்டுபோனார். 35 ரன்னில் ஜெயித்தோம்.

பத்து வாரம் கழித்து, ஏப்ரல் 15, மும்பையில் உலகக் கோப்பைக்கு 15 பேரை அறிவிக்கிறார்கள். கூட நின்று ஆடிய இரண்டு பேரில் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. தேர்வுக்குழுத் தலைவர் எம்.எஸ்.கே. பிரசாத் சொன்ன காரணம் எல்லோருக்கும் மனப்பாடம்: விஜய் சங்கரிடம் மூன்று பரிமாணம் இருக்கிறது. பேட்டிங் உண்டு, மேகமூட்டமாக இருந்தால் பந்து போடுவார், ஃபீல்டிங்கும் நன்றாக இருக்கும். மறுநாள் ராயுடு, உலகக் கோப்பை பார்க்கப் புதிதாக ஒரு செட் 3டி கண்ணாடி ஆர்டர் செய்திருப்பதாக ட்விட்டரில் எழுதினார்.

அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். தினேஷ் கார்த்திக், விஜய் சங்கர் என்று இரண்டு தமிழ்நாட்டுப் பையன்கள் உலகக் கோப்பைக்குப் போகிறார்கள் என்று தெருவில் இருந்த எல்லோரிடமும் சொன்னேன். இத்தனை வருஷம் கழித்து யோசித்தால் சந்தோஷம் கொஞ்சம் உறுத்துகிறது. அந்தத் தேர்வு சரியா, தப்பா? ஊர்ப்பாசத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசலாம், வாருங்கள்.

நடு ஸ்டம்ப்

இதில் பேச என்ன இருக்கிறது? 55 ஒருநாள் ஆட்டம், 1694 ரன், சராசரி 47.05, மூன்று சதம். இது ராயுடு. 9 ஆட்டம், 165 ரன், ஒரு அரை சதம்கூட இல்லை. இது தேர்வான அன்றைக்கு விஜய் சங்கர். எந்தத் தராசில் நிறுத்தினாலும் எந்தத் தட்டு இறங்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பேட்டிங் வரிசையில் நான்காம் இடத்துக்கு ராயுடுதான், உலகக் கோப்பை வரை அவருக்கு ஆதரவு தர வேண்டும் என்று 2018 அக்டோபரில் கேப்டன் கோலியே சொன்னார். அதே மாதம் மும்பை பிராபோர்ன் மைதானத்தில் வெஸ்ட் இண்டீசுக்கு எதிராக 81 பந்தில் 100. அதற்கு மேல் என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

மெரினா மிடான்

@நடு ஸ்டம்ப், சராசரியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் எப்படி? தேர்வுக்கு முன்னால் நடந்த ஆஸ்திரேலியத் தொடரைப் பாருங்கள். ஹைதராபாத் 13, நாக்பூர் 18, ராஞ்சி 2. அதோடு மொகாலிக்கும் டெல்லிக்கும் அவரை உட்கார வைத்துவிட்டார்கள். 2018 ஜூனில் யோ-யோ என்கிற உடல்தகுதிச் சோதனையில் 16.1 எட்டாமல் இங்கிலாந்து போகும் வாய்ப்பையும் விட்டவர். 33 வயது. நவம்பரில் முதல்தர ஆட்டங்களே வேண்டாம் என்று ஒதுங்கினார். தேர்வுக்குழுவில் உட்கார்ந்து பார்த்தால் இதெல்லாம் கண்ணில் படத்தானே செய்யும்?

விஜய் சங்கர் அதே நாக்பூரில் 46 அடித்தார். ரன் அவுட் ஆகாமல் இருந்தால் நீங்கள் கேட்ட அரை சதமும் வந்திருக்கும். அதே ஆட்டத்தில் கடைசி ஓவர், ஆஸ்திரேலியாவுக்கு 11 ரன் தேவை, பந்து அவர் கையில். முதல் பந்தில் 52 அடித்திருந்த ஸ்டாய்னிஸ் எல்பிடபிள்யூ, மூன்றாவது பந்தில் ஜாம்பா போல்ட். 8 ரன்னில் வெற்றி. இந்தியாவின் 500ஆவது ஒருநாள் வெற்றி அது. அதற்குக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் முன்னால் கொழும்பில் நிதாஹாஸ் கோப்பை இறுதியாட்டத்தில் முஸ்தஃபிசூர் ஓவரில் நாலு பந்தைத் தொடக்கூட முடியாமல் நின்று, நாடு முழுக்கத் திட்டு வாங்கிய பையன். கார்த்திக் 8 பந்தில் 29 அடித்துக் காப்பாற்றியிருக்காவிட்டால் அவர் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். அங்கிருந்து எழுந்து வந்து கடைசி ஓவரைப் போடுகிறவனுக்கு நெஞ்சுறுதி இருக்கிறது என்று ஒரு தேர்வாளர் நினைத்தால் அது தப்பா?

நடு ஸ்டம்ப்

நெஞ்சுறுதி சரி. உலகக் கோப்பைக்கு முன்னால் ஒருநாள் ஆட்டங்களில் அவர் எடுத்த விக்கெட் மொத்தமே இரண்டு. இரண்டுமே நீங்கள் சொன்ன அந்த ஒரே ஓவரில் வந்தவை. பந்துவீச்சு என்கிற பரிமாணம் மூன்று பந்தில் நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போகலாமே!

சார்மினார் தமிழன்

ஹைதராபாத்தில் 22 வருஷமாக இருக்கிறேன், அதனால் இந்தப் பக்கத்துப் புலம்பலையும் கொஞ்சம் கேளுங்கள். எங்களுக்கு இது இரண்டாம் முறை.

2003 உலகக் கோப்பை. எங்கள் ஊர் வி.வி.எஸ். லட்சுமண் அணியில் இல்லை. யார் போனார்? தினேஷ் மோங்கியா. என்ன காரணம்? இடதுகைச் சுழல் போடுவார், ஃபீல்டிங்கில் லட்சுமணைவிட வேகம். அப்போது யாருக்கும் ‘3டி’ என்று பேர் வைக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மோங்கியாவும் சும்மா வந்தவர் இல்லை, 2002 மார்ச்சில் குவாஹாட்டியில் ஜிம்பாப்வேக்கு எதிராக 159 அடித்து நாட் அவுட்டாக நின்றவர். ஆனாலும் லட்சுமண் 86 ஒருநாள் ஆட்டம் ஆடியும் ஒரு உலகக் கோப்பை ஆட்டம்கூட ஆடாமலே ஓய்வு பெற்றார்.

ராயுடு நிலைமை அதைவிட ஒரு படி மோசம். 2015 உலகக் கோப்பை அணியின் 15 பேரில் அவர் இருந்தார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து முழுக்கச் சுற்றினார். ஒரு ஆட்டத்திலும் இறக்கவில்லை. நாலு வருஷம் காத்திருந்து 2019இல் வீட்டிலிருந்து பார் என்றால், மனுஷன் கண்ணாடி ஆர்டர் பண்ணாமல் வேறு என்ன பண்ணுவார்?

எங்கள் அடுக்குமாடியின் கீழே ஒரு இஸ்திரிக்காரர் இருந்தார். ஏப்ரல் 15 சாயங்காலம் சட்டை வாங்கப் போனேன். நான் தமிழ் என்று தெரியும். பெட்டியைச் சட்டை மேல் வைத்துவிட்டு, “மீவாடு வெள்ளாடு, மாவாடு மிகிலாடு” என்றார். உங்காள் போய்விட்டான், எங்காள் தங்கிவிட்டான் என்று அர்த்தம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. சட்டையில் மஞ்சளாக ஒரு தடம் விழுந்துவிட்டது, நானும் ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்கோர்புக் சுப்பு

பெரிய ஆட்டம் எதுவும் ஆடியவன் இல்லை நான். மாவட்ட அளவில் பதினெட்டு வருஷம் ஸ்கோரராக இருந்தேன். எந்த மாவட்டம் என்று கேட்க வேண்டாம். அணித் தேர்வு நடக்கும் அறையில் ஸ்கோர்புக்கைப் புரட்டிக் கேட்ட எண்ணைச் சொல்வதற்காக என்னையும் ஓரமாக உட்கார வைப்பார்கள். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் பதினொரு பேர் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். டீ வருவதற்கு முன்னால் பதின்மூன்று. மிச்சம் ஒன்றரை மணி நேரம் கடைசி இரண்டு பேருக்குத்தான். அந்த நேரத்தில் எவனும் “யார் நன்றாக ஆடுகிறான்” என்று கேட்க மாட்டான். “இவனுக்கு அடிபட்டால் யார் இறங்குவான், அவன் வரவில்லை என்றால் யார் நாலு ஓவர் போடுவான்” என்றுதான் பேச்சு ஓடும். அங்கே வெறும் பேட்ஸ்மேன் பெயர் வந்தால், “அவன் பேட் மட்டும்தானே பிடிப்பான்” என்று ஒருவர் சொல்வார். ‘மட்டும்’ என்ற அந்த ஒரு வார்த்தையில் பையனுடைய ஒரு வருஷம் போய்விடும். 600 ரன் அடித்த ஒரு பையனை அப்படித்தான் விட்டார்கள். அவனுடைய எண்ணைச் சத்தமாகப் படித்தவன் நான். எவரும் தலை தூக்கவில்லை.

தேசிய அணியிலும் அறை பெரிதாக இருக்கலாம், பேச்சு அதே பேச்சுதான் என்று நினைக்கிறேன். ராயுடு ‘பேட் மட்டும்’ ஆன நாள் எது தெரியுமா? 2019 ஜனவரி. சிட்னி ஒருநாள் ஆட்டத்தில் இரண்டு ஓவர் ஆஃப் ஸ்பின் போட்டார். பந்துவீச்சு முறையில் சந்தேகம் என்று நடுவர்கள் புகார் கொடுத்தார்கள். 14 நாளுக்குள் சோதனைக்குப் போக வேண்டும், அவர் போகவில்லை, மாதக் கடைசியில் ஐசிசி பந்து போடத் தடை விதித்தது. எதற்காவது உதவும் என்று இருந்த அந்த இரண்டு மூன்று ஓவரும் போயிற்று.

லெக்பை லதா

சுப்பு சார் சொன்ன இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. இந்த விவாதம் எங்கே நடந்தாலும் இரண்டு ஆளை ஒப்பிட்டுவிட்டு முடித்துவிடுகிறார்கள். அந்த அணியின் மேல்வரிசையைப் பாருங்கள். ரோகித், தவான், கோலி, ராகுல், தோனி. ஒருத்தரும் பந்து போடுவதில்லை. கேதார் ஜாதவ் மட்டும் கையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் உருட்டுவார். ஹார்திக் ஐந்தாவது பந்துவீச்சாளர் என்று வைத்தால், அவருக்கு அடி விழும் நாளில் யார்?

2011 அணியை நினைத்துப் பாருங்கள். சேவாக் போடுவார், சச்சின் போடுவார், ரெய்னா போடுவார். யுவராஜ் 362 ரன்னோடு 15 விக்கெட் எடுத்துத் தொடர் நாயகன் ஆனார். அவரை யாரும் ‘முப்பரிமாணம்’ என்று விளம்பரப்படுத்தவில்லை, ஏனென்றால் அணியில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள்.

இப்போதைய பேட்ஸ்மேன்கள் ஏன் பந்து போடுவதில்லை? என் கணிப்பு இது. முன்பெல்லாம் நெட்ஸில் தன் முறை வரும் வரைக்கும் பேட்ஸ்மேனே பந்து போட வேண்டும். வேறு வழியில்லை. இப்போது கையில் நீளமான கரண்டி மாதிரி ஒரு கருவியை வைத்துக்கொண்டு 140 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்து கொடுக்கத் தனி ஆள் இருக்கிறார். பத்து நெட் பவுலர்களும் கூடவே வருகிறார்கள். பேட்ஸ்மேன் தன் முறையை முடித்துவிட்டுப் போய்விடலாம். அந்தப் பள்ளத்தை அடைக்கத்தான் 2019இல் ஒரு 3டி ஆளைத் தேடினார்கள். தேடியது நியாயம். கிடைத்த ஆள் ஒன்பது ஆட்டம் ஆடியவர் என்பதுதான் சிக்கல்.

நடு ஸ்டம்ப்

லதா அக்கா, அப்படியென்றால் பந்து போடத் தெரிந்த நான்காம் ஆளை நாலு வருஷத்தில் தயார் செய்திருக்கலாமே? ராயுடுவை வளர்த்து, ராயுடுதான் என்று சொல்லி, கடைசி மாதத்தில் “உனக்குப் பந்து போட வராது” என்றால் அது ஏமாற்று வேலை. பெண் பார்க்க வந்து, பஜ்ஜி சொஜ்ஜி எல்லாம் சாப்பிட்டுவிட்டு, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் “பெண்ணுக்குப் பாடத் தெரியுமா” என்று கேட்கிற கதை.

லெக்பை லதா

😄 அதை மறுக்கவில்லை.

கோலிசோடா77

பிரசாத்தும் குண்டூர், ராயுடுவும் குண்டூர். உள்ளூர்ப் பகை இருந்திருக்கும் போல. எனக்குத் தெரிந்த ஒருவர்

மட்டுறுத்துநர்

மேலே உள்ள பதிவின் மிச்சத்தை நீக்கியிருக்கிறேன். இரண்டு பேர் பிறந்த ஊர் ஒன்று என்பது செய்தி. அதற்கு மேல் ‘எனக்குத் தெரிந்த ஒருவர்’ சொன்னது எதுவும் இங்கே வேண்டாம். ஆட்டத்தைப் பேசுங்கள்.

மெரினா மிடான்

தேர்வுக்குழுவைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. அப்போதைய ஐந்து தேர்வாளர்களும் சேர்ந்து ஆடிய டெஸ்ட் மொத்தம் 13. பிரசாத் 6, தேவாங் காந்தி 4, சரண்தீப் சிங் 3, மற்ற இருவரும் டெஸ்ட் ஆடியதில்லை. இதை வைத்து அப்போது நிறைய கேலி நடந்தது. எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடு இல்லை. நிறைய ஆடியவன்தான் நன்றாகத் தேர்ந்தெடுப்பான் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். விதிப்படி கேப்டனுக்கும் கோச்சுக்கும் ஓட்டுக் கிடையாது, கருத்துச் சொல்லலாம். எதிரே இருப்பது கோலியும் சாஸ்திரியும் என்றால், கருத்து எங்கே முடிகிறது, ஓட்டு எங்கே ஆரம்பிக்கிறது?

அப்புறம் மான்செஸ்டரை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள் எல்லோரும். ஜூன் 16, பாகிஸ்தான் ஆட்டம். புவனேஷ்வர் குமார் தன் மூன்றாவது ஓவரில் நாலு பந்து போட்டுவிட்டுத் தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியே போகிறார். ஓவரில் இன்னும் இரண்டு பந்து பாக்கி. கோலி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு விஜய் சங்கரிடம் பந்தைக் கொடுக்கிறார். உலகக் கோப்பையில் அவருக்கு முதல் ஆட்டம், முதல் பந்து. இமாம் உல் ஹக் காலில் பட்டு எல்பிடபிள்யூ. மைதானமே ஒரு கணம் நம்பவில்லை, அவரும் நம்பவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரியும். பிறகு கேப்டன் சர்ஃபராசையும் போல்ட் எடுத்தார். 22 ரன்னுக்கு 2. பிரசாத் சொன்ன பந்துவீச்சுப் பரிமாணம் அப்படியே நடந்தது, மேகமூட்டம் உட்பட!

நடு ஸ்டம்ப்

நடந்தது, ஒரு நாள். பேட்டிங்? பாகிஸ்தானுக்கு எதிராக 15 நாட் அவுட். சவுத்தாம்டனில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக நான்காம் இடத்தில் 41 பந்தில் 29, அன்றைக்கு ஷமி ஹாட்ரிக் எடுத்திருக்காவிட்டால் நாம் தலைகுனிந்திருப்போம். வெஸ்ட் இண்டீசுக்கு எதிராக 14. மொத்தம் 58 ரன். அதற்குப் பிறகு அவர் இந்தியாவுக்கு ஆடவே இல்லை.

சார்மினார் தமிழன்

58 ரன்னுக்காக அந்தப் பையனை நான் குறை சொல்ல மாட்டேன். நெட்ஸில் பும்ராவின் யார்க்கர் கால் விரலில் பட்டு, அதோடுதான் தொடரும் போயிற்று. அவர் கேட்டு வாங்கிய இடமா அது?

ராயுடுவுக்கு நடந்ததில் எனக்கு உண்மையில் வலித்தது ஏப்ரல் 15 இல்லை, ஜூலை 1. அறிவித்த சில நாளிலேயே அவரைக் காத்திருப்பவர்கள் பட்டியலில் போட்டார்கள். சரி, யாருக்காவது அடிபட்டால் கூப்பிடுவார்கள் என்று நினைத்தோம். தவானுக்குக் கட்டை விரல் உடைந்தது, பந்த் போனார். சரி, அதுவும் நியாயம், பந்தும் பட்டியலில் இருந்தவர், இடதுகைக்கு இடதுகை. பிறகு விஜய் சங்கருக்கு அடிபட்டது. யாருடைய இடத்தில் அவர் போனாரோ, அவரைத்தானே கூப்பிட வேண்டும்? கூப்பிட்டது மயங்க் அகர்வாலை. அதுவரை ஒரு ஒருநாள் ஆட்டம்கூட ஆடாதவர், அந்தப் பட்டியலிலும் இல்லாதவர். தொடக்க ஆட்டக்காரர் வேண்டும் என்று அணி கேட்டதாகப் பிறகு பிரசாத் விளக்கம் சொன்னார்.

ஜூலை 3ஆம் தேதி ராயுடு எல்லா வகை கிரிக்கெட்டிலிருந்தும் ஓய்வு என்று வாரியத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார். ஆகஸ்டில் மனசு மாறித் திரும்பி வந்தார், அது வேறு. அந்த ஜூலை 3 கடிதம் 3டிக்காக எழுதியது இல்லை. “நீ வரிசையில் நில்” என்று சொல்லிவிட்டு, வரிசையில் இல்லாத ஆளைக் கூப்பிட்டதற்காக எழுதியது என்றுதான் எனக்குப் படுகிறது.

தேனி பாசஞ்சர்

முதல் முறை எழுதுகிறேன். நடுவில் ஒரு கேள்வி. விஜய் சங்கர் இந்திய ஒருநாள் அணிக்குள் எப்படி வந்தார் என்று நினைவிருக்கிறதா யாருக்காவது?

லெக்பை லதா

நல்ல கேள்வி தம்பி. ஒரு டிவி நிகழ்ச்சியில் ஹார்திக்கும் ராகுலும் கண்டபடி பேசி, 2019 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் இருந்தபோதே வாரியம் இடைநீக்கம் செய்து திருப்பி அனுப்பியது. மாற்றாகக் கிளம்பியவர்கள் விஜய் சங்கரும் ஷுப்மன் கில்லும். ஜனவரி 18 மெல்போர்னில் விஜய் சங்கருக்கு முதல் ஒருநாள் ஆட்டம். அங்கிருந்து உலகக் கோப்பை அறிவிப்புக்கு மூன்றே மாதம். அந்தச் சோபாவில் உட்கார்ந்து அந்த இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், இந்த இழையே இருந்திருக்காது.

பழைய பந்து

எல்லோரும் எழுதியதைப் படித்துவிட்டு இப்போது என் பக்கத்தைச் சொல்கிறேன்.

ராயுடுவுக்கு அநியாயம் நடந்தது. ஆனால் அது விஜய் சங்கரைத் தேர்ந்தெடுத்ததால் நடந்ததா என்றால், இல்லை என்பேன். 2015 உலகக் கோப்பை முடிந்ததிலிருந்து நான்காம் இடத்தில் யார் யாரை ஆட வைத்தோம் என்று எண்ணிப் பாருங்கள். ரஹானே. மணிஷ் பாண்டே, 2016 ஜனவரி சிட்னியில் 104 நாட் அவுட் அடித்து ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தார், அதற்கப்புறமும் அவர் இடம் நிலைக்கவில்லை. யுவராஜ், 2017 ஜனவரி கட்டாக்கில் 150, வருஷம் முடிவதற்குள் காணவில்லை. கார்த்திக், ராகுல், ஸ்ரேயஸ், கேதார், தோனி, ஹார்திக். கடைசியில் ராயுடு. நிறைய பேருக்கு ஒரு தொடர், இரண்டு தொடர்தான். சதம் அடித்தாலும் போதவில்லை, அடிக்காவிட்டாலும் போதவில்லை. மேலே மூன்று பேர் எல்லா ஆட்டத்தையும் ஜெயித்துக் கொடுத்ததால் கீழே ஒழுகுவது தெரியவில்லை. வெயில் காலத்தில் ஓட்டு வீட்டுக்காரனுக்குக் கூரை ஞாபகம் வருவதில்லையே, அந்த மாதிரி.

நாலு வருஷம் ஒழுகவிட்டுவிட்டு, மழைக்கு முந்தின வாரம் ஒரே ஓட்டைப் போட்டு எல்லா ஓட்டையையும் அடைக்கப் பார்த்தார்கள். அந்த ஒரு ஓடுதான் விஜய் சங்கர். பேட், பந்து, ஃபீல்டிங் என்று மூன்று வேலையையும் அவர் தலையில் வைத்து, அதற்குப் பேர் வேறு வைத்து, நாடு முழுக்க மீம் போட ஒரு வார்த்தையையும் கையில் கொடுத்துவிட்டார்கள். “ராயுடு கடைசி மூன்று ஆட்டத்தில் சரியாக ஆடவில்லை, அதனால் மாற்றுகிறோம்” என்று மட்டும் பிரசாத் சொல்லியிருந்தால் திட்டு ஒரு வாரத்தில் ஓய்ந்திருக்கும். 12 ஆட்டம் ஆடிய ஒரு ஆட்டக்காரரை இன்றைக்கும் ‘3டி’ என்று கூப்பிடுகிறார்கள். 2023 ஐபிஎல்லில் கொல்கத்தாவுக்கு எதிராக அகமதாபாத்தில் 24 பந்தில் 63 அடித்து நாட் அவுட்டாக நின்றாரே, அன்றைக்குக்கூட மீம்தான் முதலில் வந்தது. அதே ஆட்டத்தின் கடைசி ஐந்து பந்தில் ரிங்கு சிங் ஐந்து சிக்ஸர் அடித்ததால் அந்த 63உம் அடிபட்டுப் போயிற்று. ராசி என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது போல.

நடு ஸ்டம்ப்

அண்ணே, ஓடு கதை நன்றாக இருக்கிறது. ஆனால் ‘எல்லோரும் சேர்ந்து தப்பு செய்தோம்’ என்பது யாருமே தப்பு செய்யவில்லை என்று சொல்வதற்குச் சமம். ஏப்ரல் 15 அன்று மேசையில் இரண்டு பெயர் இருந்தது. ஒன்றை எடுத்தார்கள். எடுத்தவர்கள்தான் பொறுப்பு.

பழைய பந்து

பொறுப்பு அவர்களுடையதுதான். அதில் உன்னோடு சண்டை இல்லை.

மெரினா மிடான்

ஆறாவது பந்துவீச்சாளர் இல்லாமல் ஆட முடியாது என்பதையும் கொஞ்சம் சந்தேகப்படலாம் என்று தோன்றுகிறது. 2023 உலகக் கோப்பையில் புனேயில் ஹார்திக் கணுக்காலில் அடிபட்டு வெளியே போனதும் அணியில் ஐந்தே பந்துவீச்சாளர்கள். ஆனாலும் இறுதியாட்டம் வரை பத்துக்குப் பத்து ஜெயித்தோம். நான்காம் இடத்தில் ஸ்ரேயஸ் ஐயர் 530 ரன் அடித்தார், இரண்டு சதம். அவர் பந்து போடுவாரா என்று எவரும் கேட்கவில்லை. பேட் மட்டும் பிடிக்கிற ஆளை நம்பி நிறுத்தினால் இப்படியும் நடக்கும்.

(இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன், நான் என் முதல் பதிவுக்கே எதிராக எழுதிக்கொண்டிருக்கிறேன். இருக்கட்டும்.)

லெக்பை லதா

அந்த இறுதியாட்டத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். டிராவிஸ் ஹெட்டும் லபுஷேனும் 192 ரன் சேர்த்தார்களே, அந்த இரண்டு மணி நேரமும் ரோகித் யாரைத் தேடிக்கொண்டிருந்தார்? ஐந்து பேரையே மாற்றி மாற்றிப் போட்டார். நாலு ஓவர் உருட்ட ஒரு ஆள் இருந்திருந்தால் என்று நான் டிவி முன்னால் உட்கார்ந்து புலம்பினேன். பத்து நாள் தேவைப்படாத ஆள் பதினோராவது நாள் தேவைப்படுகிறார்.

தேனி பாசஞ்சர்

கார்த்திக்கைப் பற்றி யாருமே பேசவில்லையே? 2007 உலகக் கோப்பை அணியில் இருந்தும் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. முதல் உலகக் கோப்பை ஆட்டம் 2019 ஜூலை 2, வங்கதேசத்துக்கு எதிராக. 12 வருஷம்! ராயுடுவுக்கு 2015 என்றால் இவருக்கு 2007.

பழைய பந்து

உண்மை தம்பி. அரையிறுதியில் ஐந்தாம் இடத்தில் இறங்கி 25 பந்தில் 6. நீஷம் பாய்ந்து பிடித்த அந்த கேட்சை இன்னும் முழுசாகப் பார்க்க மாட்டேன், கண்ணை மூடிக்கொள்வேன். அந்த ஆட்டத்தில் தோனி, கார்த்திக், பந்த் என்று மூன்று விக்கெட் கீப்பர்கள் ஆடினார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். நடுவரிசை ஆள் இல்லாமல் கீப்பர்களை அடுக்கியிருந்தோம். தோனி ஏழாம் இடம்.

ஸ்கோர்புக் சுப்பு

எனக்குப் பழக்கதோஷம். எதையும் எழுதிப் பார்த்தால்தான் புரியும். நீங்கள் இழையைத் தொடங்கிய வெலிங்டன் ஸ்கோரையும் அந்த அரையிறுதி ஸ்கோரையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன்.

வெலிங்டன், பிப்ரவரி 3: இந்தியா 18க்கு 4. ஹென்றி 4 விக்கெட், போல்ட் 3 விக்கெட்.

மான்செஸ்டர், ஜூலை 10: இந்தியா 5க்கு 3, பிறகு 24க்கு 4. ஹென்றி 3 விக்கெட், போல்ட் 2 விக்கெட்.

அதே எதிரணி, அதே இரண்டு பேர், கிட்டத்தட்ட அதே சரிவு. பிப்ரவரியில் 252 வந்தது. ஜூலையில் 240 தேவை, 221இல் முடிந்தது, 18 ரன்னில் தோற்றோம். ஜடேஜாவின் 77உம் தோனியின் 50உம் இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

ஹென்றியையும் போல்ட்டையும் அந்த மாதிரி ஒரு நாளில் சமாளித்து நின்ற இரண்டு பேரில் ஒருவர் ஒரு வாரம் முன்னால் ஓய்வுக் கடிதம் எழுதிவிட்டு வீட்டில் இருந்தார். இன்னொருவர் விரலில் கட்டோடு வீட்டில் இருந்தார். தாளின் ஓரத்தில் இரண்டு பேர் பெயரையும் எழுதினேன், எதிரே போட எண் எதுவும் இல்லை.

நடு ஸ்டம்ப்

சுப்பு சார், வெலிங்டனில் ஆட்ட நாயகன் யார்?

ஸ்கோர்புக் சுப்பு

ராயுடு.

சார்மினார் தமிழன்

அந்தத் தாளை ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள் சார். இஸ்திரிக்காரர் இப்போது வேறு தெருவுக்குப் போய்விட்டார், தேடிப் பிடித்துக் காட்ட வேண்டும்.